உணவுப் பாட்டுப் படப்புத்தகம்: வாங்குவதா, மொழிபெயர்ப்பதா, நாமே எழுதுவதா?

சாப்பாட்டின் மேலுள்ள ஆசையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் பாட்டுப் படப்புத்தகம் ஒன்று, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் உள்ள எங்கள் வாசகசாலையின் குழந்தைகள் பகுதிக்கு வேண்டும் என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவாக ஆண்டுதோறும் ஜூன் 19 அன்று கொண்டாடப்படும் வாசிப்பு நாளில் அதைக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். கையில் இருக்கும் தொகை சிறியது. வழிகள் மூன்று: கடையில் கிடைக்கும் தமிழ்ப் புத்தகத்தை வாங்கலாம்; பிறமொழிப் பாட்டுக் கதை ஒன்றைத் தமிழாக்கி அச்சிடலாம்; அல்லது நாமே புதிதாக எழுதி வரைந்து அச்சிடலாம். இந்த மூன்றையும் எடைபோட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றியவற்றைக் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேட்கப்போகும் குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஊர்களில் வீட்டுப்பேச்சு தமிழ், அதுவும் கொங்குத் தமிழ். தமிழ்வழிப் பள்ளிகள் இருந்தாலும் பல வீடுகளில் பிள்ளைகளை மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோதான் சேர்க்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கட்டாயம் என்ற சட்டம் 2017 முதல் இருக்கிறது. ஆகவே ஏழு வயதுப் பிள்ளை ஒன்று தமிழில் சரளமாகச் சண்டை போடும், கதை கேட்கும், விடுகதை போடும். ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டால் தயங்கும். இந்தப் பிள்ளைகளுக்குக் காது முந்தியும் கண் பிந்தியும் இருக்கிறது. எனவே ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் புத்தகமாகத்தான் இதை நினைக்க வேண்டும். படமும் தாளும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், படிக்கும்போது ஓசை தடுக்கி விழுமானால் அது நமக்குப் பயன்படாது. என் தீர்ப்புகள் எல்லாம் இந்த ஒரு அளவுகோலிலிருந்தே வருகின்றன.

வாங்கும் வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வண்ணம், கட்டு, ஓவியம் ஆகியவற்றில் நல்ல பதிப்பகங்களின் புத்தகங்களோடு நாம் போட்டியிட முடியாது. சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரே கதையைத் தமிழ், மலையாளம் உட்படப் பல மொழிகளில் தருகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆக்கியவர்களின் பெயரைக் குறிப்பிட்டால் அச்சிட்டுக்கொள்ளவும் அங்குள்ள உரிமம் இடம் தருகிறது. உரைநடைக் கதைகளுக்கு இவற்றைவிடச் சிறந்த வழி இல்லை. நம் அலமாரிக்கு அவை கட்டாயம் வர வேண்டும். ஆனால் நாம் தேடுவது பாட்டு. நான் புரட்டிப் பார்த்த பாட்டுப் புத்தகங்களில் பல, படத்தை வேறொரு மொழிப் பாட்டுக்காக வரைந்துவிட்டு, பிறகு அந்தப் படத்துக்குப் பொருந்தும்படி தமிழ் வரிகளை அடுக்கியவையாகத் தெரிந்தன. சாப்பாட்டுப் பெயர்களும் பிள்ளைகள் வாயில் வைத்துப் பார்த்தவை அல்ல. ஒரு பண்டத்தின் பெயரைக் கேட்டதும் நாக்கில் ஊற வேண்டும். அது என்னவென்று விளக்கத் தொடங்கிய நொடியில் சிரிப்பு ஆறிவிடுகிறது.

இரண்டாவது வழியான மொழிபெயர்ப்பைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. குழுவில் பலருக்கும் அதுவே எளிது என்ற எண்ணம் இருப்பதே காரணம். உரிமைச் சிக்கலை முதலில் பார்ப்போம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமையும் ஆசிரியருக்கு உரியது. அவர் மறைந்த பின்பும் அறுபது ஆண்டுகளுக்கு அது நீடிக்கும். வாசகசாலைக்காகத்தானே என்று அனுமதியின்றி அச்சிடுவது முறையல்ல. அனுமதி பெறுவது கடிதப் போக்குவரத்தில் நீளும் வேலை. ஜூன் மாதத்துக்குள் முடியும் என்று உறுதி சொல்ல இயலாது. சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உண்மையான தடை தொடங்குகிறது.

தமிழில் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடிகிறது. ஆகவே பிறமொழிப் பாட்டை வரிக்கு வரி கொண்டுவந்தால், வரியின் கடைசியில் வினைமுற்றுகளே வந்து நிற்கும். தாய்வழித் தாத்தாவாகிய அப்புச்சியைப் பற்றிய பாட்டு என்று வைத்துக்கொள்வோம்: “அப்புச்சி பந்தியில் வந்து அமர்ந்தார், அடுக்கடுக்காய் இட்டலி எடுத்தார், அத்தனையும் தின்று முடித்தார், அடுத்த பந்திக்கும் காத்துக் கிடந்தார்.” நான்கு வரியும் ‘ஆர்’ என்று முடிவதால் இயைபு (அடியிறுதியில் ஒலி ஒத்துவருவது) இருப்பதாகத் தோன்றும், ஆனால் அது இலக்கணம் இலவசமாகத் தந்த ஒலி. எதிர்பாராத ஒரு சொல் வந்து பொருந்துவதில்தான் பாட்டின் நகைச்சுவை பிறக்கிறது. விகுதி ஒன்றாக இருப்பதால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர் இதைத் தவிர்க்க வரிகளைக் கலைத்து, பெயர்ச்சொல்லை இறுதிக்குக் கொண்டுவந்து, நிகழ்ச்சியையே மாற்றி எழுதுவார். அப்படி எழுதினால் அது ஏறக்குறைய புதிய பாட்டு. படமோ பழைய பாட்டுக்கு உரியது. இரண்டும் இழுபறியில் கிடக்கும். இந்த உழைப்பைச் செலவிடுவதாக இருந்தால் அதைச் சொந்தப் பாட்டில் செலவிடலாமே என்பதுதான் என் வாதம்.

மொழிபெயர்ப்பின் ஒரு கிளையாக, தமிழும் மலையாளமும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரும் இருமொழிப் புத்தகம் போடலாம் என்று சொல்கிறார்கள். இதை நான் எளிதில் ஒதுக்கவில்லை. வாசகசாலைக்கு மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். தவிர, இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகைகள் சில இரு மொழியிலும் அப்படியே நிற்கின்றன. தோசை, ஆசை, மீசை என்ற மூன்றும் மலையாளத்திலும் தோச, ஆச, மீச என்று ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. குடையும் வடையும் அவ்வாறே. ஆனால் தயிரும் உயிரும் தமிழில் சேர்வதுபோல அங்கே சேர்வதில்லை. தயிர் அங்கே ‘தைர்’ ஆகிவிடுகிறது. இரு மொழியிலும் ஒத்துவரும் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால், பாட்டு சொல்லுக்கு அடிமையாகிவிடும். மேலும், எதிர்ப்பக்கத்தில் பிள்ளைக்குப் பழகிய மலையாள எழுத்து இருக்கும்போது அதன் கண் தமிழ்ப் பக்கத்துக்கு வராது. தமிழ் எழுத்தின் மேல் பிள்ளைக்கு ஆசை வர வேண்டும் என்பதும் நம் நோக்கங்களில் ஒன்றாக இருப்பதால், பக்கந்தோறும் இருமொழி என்பதை நான் ஏற்கவில்லை.

இனி மூன்றாவது வழி. நாமே எழுதுவதென்றால் எந்த யாப்பில் எழுதுவது என்ற கேள்வி உடனே எழுகிறது. முடிவு முழுவதும் அதைச் சார்ந்திருக்கிறது.

உணவை வைத்துச் சிரிக்க வைக்கும் மரபு தமிழில் புதிதன்று. நாகையில் காத்தான் சத்திரத்துக்குப் பொழுது சாயும்போதுதான் அரிசி வரும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழுந்துவிடும் என்று காளமேகப் புலவர் பாடிய வெண்பா இன்றும் மேடைகளில் கைதட்டல் வாங்குகிறது. எனவே வெண்பாவிலேயே எழுதலாம் என்று தமிழாசிரியர் ஒருவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் வெண்பாவில் சீரும் சீரும் இணையும் தளைக்கட்டு கடுமையானது. அதற்காகச் சொற்களைச் சேர்த்தும் பிளந்தும் சீராக்க வேண்டும். ஒரே சொல் உடைந்து இரண்டு சீர்களில் கிடக்கும் வகையுளியும் வந்துசேரும். பெரியவர்களுக்கு அது சுவை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கோ சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு அச்சிட்டால்தான் கண் நகரும். வெண்பா இங்கே வேண்டாம்.

எஞ்சுவன இரண்டு. ஒன்று, அடியின் தொடக்கத்தில் எதுகை வைக்கும் நம் வழக்கம். மற்றது, அடியின் இறுதியில் ஒலி ஒத்துவரும் இயைபு. எதுகைக்கு ஓர் எடுத்துக்காட்டு எழுதிப் பார்த்தேன்:

புட்டுக்குழல் ஆவிவிட்டால் போதும், அப்புச்சி
கட்டில்விட்டுக் குதித்திடுவார், கையில் தட்டோடு!

புட்டு, கட்டில் என்று தொடக்கத்திலேயே ஓசை பிடித்துக்கொள்கிறது. மனப்பாடமும் எளிதில் ஆகிறது. ஆனால் படப்புத்தகத்துக்கென்று ஒரு தனி வசதி இருக்கிறது: பக்கத்தைத் திருப்புவது. திருப்புவதற்கு முன்னால் ஒரு ஏக்கம், திருப்பியதும் ஒரு வெடிச் சிரிப்பு. எதுகையில் இரண்டாம் அடியின் முதற்சொல்லிலேயே ஒலி தீர்ந்துவிடுவதால், அடியின் இறுதியில் பிள்ளை எதிர்பார்த்துக் காத்திருக்க எதுவும் இருப்பதில்லை. இயைபிலோ கடைசிச் சொல் வரும்வரை ஒலி பாக்கி நிற்கிறது. அந்தச் சொல்லைப் பிள்ளையே கண்டுபிடித்துக் கத்தலாம். இதை வாசகசாலையில் செய்து பார்த்தோம். வெறும் அட்டைகளில் எழுதி, முதல் அடியைப் படித்து, இரண்டாம் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் சொல்லாமல் நிறுத்தினோம்:

சந்தையிலே மழை பிடிக்க விரித்தார் தன் குடை
சடசடவென உள்ளிருந்து உதிர்ந்ததெல்லாம்…

முன்வரிசையில் இருந்தவர்கள் “வடை!” என்று கத்தினார்கள், ஒரு சிறுமி “சடை” என்றாள், குடைக்குள்ளிருந்து சடை உதிர்ந்தால் எப்படி இருக்கும் என்று அடுத்த பையன் கேட்க, கூட்டம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. தவறான விடையும் சிரிப்பைக் கொண்டுவந்தது என்பது இந்த அமைப்பின் பெரும்பலம். எதுகை அட்டையைப் படித்தபோது பிள்ளைகள் ரசித்துக் கேட்டார்கள், ஆனால் வாய் திறக்கவில்லை.

ஆகவே இயைபு. ஆனால் மேலே சொன்ன வினைமுற்றுத் தொல்லை வராமல் இருக்க, ஒவ்வோர் அடியும் பெயர்ச்சொல்லில் முடிய வேண்டும். பெரும்பாலும் இரண்டில் ஒன்று உணவுப் பெயராக இருந்தால் நல்லது. இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. நம் பலகாரப் பெயர்கள் பெரும்பாலும் குறுஞ்சொற்கள். அவற்றுக்கு இணைச்சொற்கள் குவிந்து கிடக்கின்றன. வடைக்குக் குடை, கடை, நடை, தடை, புட்டுக்குத் தட்டு, பட்டு, கொட்டு, முறுக்குக்குக் கிறுக்கு, சறுக்கு, அப்பத்துக்குத் தெப்பம், பூரிக்கு ஏரி, லாரி. இவை இரண்டாம் எழுத்தில் ஒன்றுவதால் எதுகைக்கும் இயைபுக்கும் ஒருசேரப் பொருந்துகின்றன. காதுக்கு முழு நிறைவு கிடைக்கிறது. அடிகளின் தொடக்கத்தில் முதலெழுத்து ஒத்துவரும் மோனையையும் வைத்துக்கொண்டால் வரி தானாக நாக்கில் உருளும். ஓரடிக்கு நான்கு கைத்தட்டு, நான்காவது தட்டில் ஒரே ஒரு சிறுசொல் என்று வைத்தால், கும்மி கொட்டிப் பழகிய நம் ஊர்க் காதுக்கு அது புதிதாக இராது.

அப்புச்சிக்குத் தோசை மேலே அப்படியோர் ஆசை
ஆறும் முன்னே அள்ளித் தின்ன நெய்யில் மின்னும் மீசை!

இவ்வளவும் ஓசை பற்றியது. யாருடைய ஆசையைப் பாடுவது என்பது அடுத்த தேர்வு. குழுவில் வந்த யோசனைகளில் ஒன்று, வயிறு பெருத்த சிறுவனைத் தலைவனாக்குவது. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். வகுப்பில் பருமனான பிள்ளை ஒன்று இருந்தால், மறுநாள் அதன் பெயரே அந்தப் பாட்டாகிவிடும். யானை, கரடி போன்ற விலங்கைத் தலைவனாக்கலாம் என்பது இரண்டாவது யோசனை. யாரையும் புண்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் யானை நிறையத் தின்பதில் வியப்பு இல்லாததால் சிரிப்பும் இல்லை. மூன்றாவது, மேலே எடுத்துக்காட்டுகளில் வந்த அப்புச்சி. கொங்கு வீடுகளில் அப்புச்சி செல்லம் கொடுப்பவர்; அவரிடம் பிள்ளைக்குப் பயம் கிடையாது. பல்லும் சர்க்கரையும் தடுத்தாலும் நாக்கு கேட்காத பெரியவரைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கும்போது அதில் அன்பு இருக்கிறது. அடம்பிடிப்பவர் பெரியவராகவும் கண்டிப்பது பேரப்பிள்ளையாகவும் இருந்தால் பாத்திரங்கள் தலைகீழாகி நகைச்சுவை கூடுகிறது. அவர் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருக்க வேண்டும் என்பது என் தனி விருப்பம். அவ்வளவும் எங்கே போகிறது என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

உணவுகளைத் தேர்வதில் எல்லைப்புறத்துக்கு இருக்கும் செல்வம் வேறெங்கும் இல்லை. அரிசிம்பருப்பு, சந்தகை, கச்சாயம், கம்மங்கூழ் ஆகியவை கிழக்கிலிருந்து வந்தவை. புட்டும் கடலையும், பழம்பொரி, உண்ணியப்பம், பாலடைப் பாயசம் ஆகியவை மேற்கிலிருந்து. ஒரே தெருவில் இரண்டும் மணக்கின்றன. முதலமடை மாம்பழம், பனை நுங்கு, நேந்திரங்காய் வறுவல் ஆகியவற்றைச் சேர்த்தால் பட்டியல் நீளும். ஆனால் பட்டியலாக எழுதினால் பாட்டு உணவகத்து விலைப்பலகை ஆகிவிடும். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு சிறு நிகழ்ச்சி வேண்டும்.

ராமசேரி இட்டலிக்கு நான் கட்டாயம் ஓர் இடம் கேட்பேன். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியை அடுத்த அந்த ஊரில், தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் தலைமுறைகளாக அதைச் செய்துவருகின்றன. மண்பானையில் நீர் கொதிக்கிறது. வாயகன்ற மண்வளையம் ஒன்றில் நூலால் வலைபோலப் பின்னி, அதன் மேல் ஈரத்துணி விரித்து, மாவை வட்டமாக ஊற்றி, அந்த வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பானைமேல் வைத்து மூடுகிறார்கள். வெந்ததும் துணியோடு எடுத்துக் கவிழ்த்து உரித்தால், தோசையின் வட்டமும் இட்டலியின் மென்மையுமாக ஒரு வெள்ளைத் தட்டு கிடைக்கிறது. குழிந்து உப்பிய இட்டலியையே அறிந்த பிள்ளைக்கு அது கண்ணுக்கே வேடிக்கை. ஓவியருக்கும் அடுக்கிய வளையங்களும் துணியைத் தாண்டி எழும் ஆவியும் கொண்டாட்டம். அதைத் தொட்டுக்கொள்ளும் பொடியே பாட்டுக்கு இயைபும் தருகிறது:

ராமசேரி இட்டலிக்குத் தொட்டுக்கொள்ளப் பொடி
ராத்திரியே எழுந்து கையில் எடுத்துவிட்டார் தடி!

முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. அளவுக்கு மீறித் தின்ற அப்புச்சிக்கு வயிற்றுவலி வந்து வைத்தியரிடம் போவதாக முடிக்கலாம் என்றார் ஒருவர். அப்படி முடித்தால், உணவின் மேல் காட்டிய அத்தனை காதலையும் கடைசிப் பக்கத்தில் குற்றமாக்கிவிடுகிறோம். பசித்து வரும் பிள்ளைகளும் நம் வாசகசாலையில் உட்காருகிறார்கள்; சாப்பாட்டை விரும்புவது தண்டனைக்குரியது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. விருந்தின் இயல்பான கடைசி உருப்படியாகிய தயிரோடு முடிப்பதே பொருத்தம்:

போதும் போதும் என்றவர்முன் வந்து நின்றது தயிர்
போன பசி திரும்பியதே, வந்ததையா உயிர்!

அச்சு வேலையைப் பற்றிச் சில வரிகள் போதும். நான்கு வண்ண ஆப்செட் அச்சுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பிளேட் போட வேண்டும். ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் படி ஒன்றின் விலை இறங்கும். நமக்கு வேண்டியவை சில நூறு படிகள்தான். அதற்குப் பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சு ஏற்றது, கோவையில் எளிதில் முடியும். நடுவில் பின் அடிக்கும் கட்டு என்பதால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக அமைய வேண்டும். முதல் அடி வலப்பக்கத்திலும், அதை முடிக்கும் அடி திருப்பியபின் வரும் இடப்பக்கத்திலும் அமையும்படி மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கினால், 16 பக்கத்தில் ஏழு பாட்டுகளும் 24 பக்கத்தில் பதினொன்றும் 32 பக்கத்தில் பதினைந்தும் அடங்கும். ஏழு போதாது, பதினைந்தை எழுதினால் சில சவலையாகப் போகும். ஆகவே 24 பக்கம். எழுத்து பெரிதாக, படத்தின் மேல் ஏறாமல் வெள்ளைப் பட்டையில் நிற்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில் என் பரிந்துரை இது: ஒதுக்கிய தொகையில் சிறு பகுதிக்கு நல்ல உரைநடைப் படப்புத்தகங்களை வாங்குவோம், பெரும்பகுதியைச் சொந்தப் பாட்டுப் புத்தகத்துக்கு வைப்போம், மொழிபெயர்ப்பைக் கைவிடுவோம். நல்ல ஓவியர் கிடைக்காமல் போனால் மட்டும் நான் முதல் வழிக்குத் திரும்புவேன். ஒப்பேற்றிய படத்தோடு வரும் பாட்டைவிட, கடையில் கிடைக்கும் செம்மையான உரைநடைப் புத்தகம் மேல். மலையாளம் பேசும் பிள்ளைகளுக்காகப் பின்னட்டையின் உட்புறத்தில் பண்டங்களின் பெயர்களை மட்டும் மலையாள எழுத்தில் தரலாம். அதற்குத் தனிச் செலவு ஆகாது.

நான்கு பாட்டுகள் இப்போது தயார். குடைப் பாட்டு, தோசைப் பாட்டு, ராமசேரிப் பாட்டு ஆகியவற்றை மாற்ற வேண்டாம். தயிர்ப் பாட்டின் முதல் அடியில் மட்டும் மூன்றாம் தட்டு சற்றுக் கனமாக இருக்கிறது, அதை இலகுவாக்க வேண்டும். மீதமுள்ள ஏழுக்குப் பழம்பொரி, சந்தகை, கச்சாயம், முறுக்கு, நுங்கு, புட்டு, பாயசம் என்று பிரித்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஆளுக்கொன்று எழுதி வருமாறு குழு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எழுதி வருபவர்கள் அதைத் தாளில் நீட்டாமல், கடைசிச் சொல்லை மறைத்து உரக்கப் படித்துக் காட்டினால் தேர்வு செய்வது எளிதாகும்.